வேப்பங்கொட்டைக் கணக்கு

1981 மாசி மாதம். மருதடிக்குளத்தில் இளையதம்பியின் மிளகாய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த வீரம்மாவின் காதில் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு கேள்வி விழுந்தது.

"இந்த வீட்டிலை எத்தினை பேர் சாப்பிடுறனீங்கள்?"

கேட்டவள் கொழும்பிலிருந்து வந்திருந்த பெண். கதிரையில் அமர்ந்து, மடியில் அகலமான படிவமொன்றை விரித்து வைத்திருந்தாள். இளையதம்பியின் மனைவி கமலேஸ்வரி விரல்விட்டு எண்ணினாள்.

"நாங்கள் எட்டுப் பேர். வேலையாக்கள் பதினொரு பேர். எல்லாமா பத்தொன்பது. எங்கடை வீட்டுக்கு வந்த ஒருத்தரும் வெறுவயித்தோட போனதில்லை, பிள்ளை."

அதில் பொய் இல்லை. தோட்டத்தில் வேலை நடக்கும் நாளெல்லாம் மத்தியானச் சோறு கமலேஸ்வரியின் குசினியிலிருந்துதான் வரும். கூலியில் அதுவும் ஒரு பங்கு. கொழும்புப் பெண் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டாள். வீரம்மா கையிலிருந்த புல்லை வரம்பில் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

"மிஸ், அந்தப் பதினொண்ணுல நானும் ஒருத்திங்களா?"

கமலேஸ்வரிக்கு முகம் சுருங்கியது. கொழும்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம். ஒரே அடுப்பிலை சமைச்சதைச் சாப்பிடுறவை ஒரு குடும்பம். இந்தப் படிவத்திலை அப்பிடித்தான் இருக்கு."

"மத்தியானம் இங்க சாப்பிடுறோம். ராத்திரிக்கு எங்க சாப்பிடுறோம்னு அந்தப் படிவம் கேக்கலீங்களா?"

படிவம் கேட்கவில்லைதான். அந்தப் பெண் பேனையை மூடினாள். அவளுடைய பெயர் பத்மாசனி. வயது இருபத்தெட்டு. பேராதனையில் பொருளியல் படித்துவிட்டு, கொழும்பில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்துவந்தாள். அரசாங்கம் ஏழைகளிடமிருந்து வரியாக எவ்வளவு எடுக்கிறது, மானியமாக எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறது என்பதை வீடு வீடாகக் கேட்டு அறிவதே அவர்களுடைய ஆய்வு. வன்னியில் அதற்கென்று எடுத்த ஊர்களில் மருதடிக்குளமும் ஒன்று. நான்கு நாளாக அவளும் இன்னும் இரண்டு பேரும் ஊரைச் சுற்றி, அறுபத்தொரு குடும்பம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். மறுநாள் அடுத்த ஊருக்குப் புறப்படுவதாக இருந்தது.

"எங்கை சாப்பிடுறனீங்கள்?" என்று பத்மாசனி கேட்டாள்.

"வந்து பாருங்க."

குளக்கட்டுக்குப் பின்னால், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கிடுகால் வேய்ந்த குடிசைகள் பற்றைகளுக்குள் சிதறிக் கிடந்தன. எல்லாமே மலையகத்திலிருந்து வந்தவர்களுடையவை. வீரம்மா ஒவ்வொரு குடிசையின் பின்பக்கமாகக் கூட்டிச்சென்று அடுப்பைக் காட்டினாள். மூன்று கல், ஒரு கரிச்சட்டி, சாம்பல். சில அடுப்புகளில் காலைச் சூடு இன்னும் ஆறவில்லை. பத்மாசனி முதலில் மனதுக்குள் எண்ணினாள். பிறகு தாளில் கோடு போட்டு எண்ணினாள். கடைசிக் குடிசையைத் தாண்டியபோது நாற்பத்தேழு கோடு விழுந்திருந்தது.

"அறுபத்தொரு குடும்பம் எண்டு எழுதிப்போட்டன். நூற்றெட்டு இருக்கு."

"எங்கள அடுத்தவங்க வேலியில நட்ட கதியால் கம்பு மாதிரி எண்ணிட்டீங்க" என்றாள் வீரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பத்மாசனிக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வீரம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஒன்பது வருடம் ஆயம்மாவாக இருந்தாள். எந்தக் குழந்தை எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எதற்குக் காய்ச்சல், எதன் தாய் பிந்தி வருவாள் என்று நாற்பது குழந்தைகளின் சங்கதியும் அவள் தலைக்குள் இருக்கும். எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடான லயம் எரிந்தது. புருஷன் மாயாண்டியோடும் மூன்று பிள்ளைகளோடும் லொறியேறி வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து வட்டக்கச்சிப் பக்கம் நகர்ந்து, கடைசியில் இந்தக் குளக்கட்டுக்குப் பின்னால் குடிசை போட்டார்கள். அரிசிப் பங்கீட்டுப் புத்தகம் லயத்தோடு சாம்பலாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து அரசாங்கம் பங்கீட்டு அரிசியை நிறுத்திவிட்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் உணவு முத்திரை கொடுக்கத் தொடங்கியது. முத்திரையைக் கடையில் கொடுத்தால் அரிசியோ மாவோ சீனியோ வாங்கலாம். குளக்கட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கும் அது வரவில்லை. ஏனென்று கேட்கப் போனவர்களுக்கு, "உங்கடை பேர் இல்லை" என்பதே பதிலாகக் கிடைத்தது.

பத்மாசனி அடுத்த ஊருக்குப் போகவில்லை. கொழும்புக்குத் தந்தியடித்து இரண்டு மாதத் தவணை கேட்டாள். வீரம்மாவை நாட்கூலிக்கு உதவியாளராக வைத்துக்கொண்டாள். படிவத்தில் கேட்கும் கேள்விகளைச் சனங்களுக்கு விளங்கும் பேச்சில் கேட்பதுதான் முதல் வேலை. அதிலேயே அடுத்த சிக்கல் வந்தது.

"போன மாசம் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு செலவழிச்சனீங்கள்?" என்று பத்மாசனி ராக்காயி என்ற பெண்ணிடம் கேட்டாள். ராக்காயி வானத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு பத்து ரூபாய் என்றாள். அடுத்த வீட்டிலும் பத்து ரூபாய். அதற்கடுத்த வீட்டிலும் அதே பத்து.

வெளியே வந்ததும் வீரம்மா சொன்னாள். "மிஸ், இது எல்லாம் பொய். வேணும்னு சொல்ற பொய்யில்ல. நாங்க மாசச் சம்பளக்காரங்க இல்லியே. கையில காசு வந்தா அரைப் போத்தல், இல்லாட்டி கால் போத்தல். மாசக் கணக்கு கேட்டா யாருக்குத் தெரியும்? நீங்க சந்தோசப்படணும்னு ஒரு எண்ணைச் சொல்றாங்க."

"அப்ப எப்பிடிக் கேக்கிறது?"

"கேக்காதீங்க. அவங்களே போட்டு வைக்கட்டும்."

அன்று பின்னேரம் அவள் சொன்ன வழி இதுதான். வீட்டுக்கு ஒரு சீலைப் பை. மண்ணெண்ணெய் வாங்கினால் அதில் வேப்பங்கொட்டை போடவேண்டும், கால் போத்தலுக்கு ஒன்று வீதம். சீனிக்குப் புளியங்கொட்டை. மாவுக்குச் சோளம். தேயிலைக்குப் பயறு. நெருப்புப்பெட்டிக்கு அதிலிருந்து எரிந்த ஒரு குச்சி. எழுதத் தெரியவேண்டாம், ஞாபகமும் வேண்டாம். வாங்கிய கையோடு போட்டால் போதும். நான்கு வாரம் கழித்துப் பையை அவிழ்த்து எண்ணலாம்.

பத்மாசனி அதை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டாள். பிறகு தன்னுடைய பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். நாற்பத்தேழு பை தைக்க ஒரு சேலை போதவில்லை. மிச்சத்துக்குக் கமலேஸ்வரியிடம் போய் நின்றார்கள். தன் கணக்கைப் பிழையென்று காட்டிய வேலைக்காரி மேல் அவளுக்கு இன்னும் மனத்தாங்கல் இருந்தது. ஆனாலும் அலுமாரியைத் திறந்து ஒரு தலையணை உறையை எடுத்துத் தந்தாள்.

"எழுபத்தொன்பதிலை பதிய வந்த ஆக்களும் இப்பிடித்தான் கேட்டவை" என்று அவள் அப்போது சொன்னாள். "எங்கடை வேலையாக்களையும் எங்களோடையே பதிஞ்சவை. நல்லதுக்கெண்டுதான் நான் சொன்னனான்."

வீரம்மா அதைக் கேட்டுக்கொண்டே உறையை வாங்கி மடித்தாள்.

நான்கு வாரமும் அவள் ஓயவில்லை. காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. பையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொன்னாள். ஒரு வீட்டில் கோழி சோளத்தைக் கொத்திவிட்டது என்று அறிந்து, அந்தப் பையின் சோளத்தை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். நாற்பத்தேழு வீட்டின் சங்கதியும் பழையபடி அவள் தலைக்குள் ஏறியது.

சித்திரையில், பைகளை அவிழ்த்து எண்ணி முடித்த அன்று, ஆய்வு நிலையத்தின் பணிப்பாளர் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பத்மாசனியின் கடிதத்தில் வேப்பங்கொட்டை என்று வாசித்ததிலிருந்து அவருக்கு நித்திரை வரவில்லையாம்.

"பிள்ளை, இதை நான் அறிக்கையிலை எப்பிடிப் போடுறது?" என்று பாயில் குவித்திருந்த கொட்டைகளைக் காட்டிக் கேட்டார். "ஆக்கள் மறந்துபோய்ப் போடாமல் விட்டிருக்கலாம். விளையாட்டுக்குப் பிடி பிடியாப் போட்டிருக்கலாம். சரியெண்டதுக்கு என்ன ஆதாரம்?"

பத்மாசனி ஏதோ சூத்திரம் சொல்லத் தொடங்கினாள். அவர் போதாதென்று தலையை ஆட்டினார். வீரம்மா சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, பாலன் கடைப் பீப்பாவைப் பாத்தா ஆகாதுங்களா?"

"எந்தப் பீப்பா?"

ஊரில் ஒரே கடை பாலனுடையது. காணிக்காரர்கள் மண்ணெண்ணெயைக் கிளிநொச்சியிலிருந்து தகரத்தில் கொண்டுவந்துவிடுவார்கள். பாலனிடம் போத்தலில் வாங்குகிறவர்கள் குளக்கட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் மட்டுந்தான். பை கொடுத்த அன்று காலையில் பாலன் புது மண்ணெண்ணெய்ப் பீப்பா ஒன்றை உடைத்துத் திறந்திருந்தான். அது வீரம்மாவுக்குத் தெரியும். அவன் உடைக்கும்வரை காத்திருந்துதான் பைகளைக் கொடுத்திருந்தாள்.

பணிப்பாளர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கடையை நோக்கி நடந்தார். பின்னால் பத்மாசனியும் வீரம்மாவும், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊரும்.

"ஒரு பீப்பாவிலை எத்தினை போத்தல்?" என்று அவர் பாலனிடம் கேட்டார்.

"இருநூற்றி எழுபத்தெட்டு ஐயா. நான் எத்தினையோ பீப்பா அளந்து வித்தனான்."

"இப்ப மிச்சத்தை அளந்து பாருங்கோ."

பாலன் பீப்பாவைச் சரித்து, புனல் வைத்து, போத்தல் போத்தலாக ஊற்றினான். பதின்மூன்று நிறைந்தது. வேப்பங்கொட்டைகளை நான்கு நான்காகச் சேர்த்தால் இருநூற்று அறுபத்திரண்டு போத்தல். பணிப்பாளர் தன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து இரண்டையும் கூட்டினார். இருநூற்று எழுபத்தைந்து.

"மூண்டு போத்தல் குறையுது" என்றார். ஒரு பிழையைப் பிடித்துவிட்ட நிறைவு குரலில் தெரிந்தது.

வீரம்மா பீப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பாலன் தலையைச் சொறிந்தான்.

"ஐயா, எனக்கும் வீட்டிலை விளக்கு எரியுது. நான் பை வாங்கேல்லை."

முதலில் சிரித்தவர் பணிப்பாளர்தான். மீசை நடுங்கச் சிரித்தார். அதன் பிறகு பாதி ஊர் சிரித்தது. ராக்காயி, தன்னுடைய பையில் ஒரு கொட்டையும் பிழையில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பணிப்பாளர் வீரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நான் இருபது வருசமா இந்த வேலை செய்யிறன், அம்மா. இவ்வளவு கிட்ட வந்த கணக்கு ஒண்டையும் நான் காணேல்லை."

அந்த 'அம்மா' வீரம்மாவுக்குப் பல நாள் காதிலேயே நின்றது.

கொட்டைகளை ரூபாயாக மாற்றும் வேலையைப் பத்மாசனி செய்தாள். சீனிக்குத் துறைமுகத்திலேயே வரி. நெருப்புப்பெட்டிக்கு ஆலையிலேயே வரி. சேலைக்கும் வரி, சுருட்டுக்கும் வரி. எல்லாம் விலைக்குள் ஒளிந்திருந்தது. குளக்கட்டுக்குப் பின்னால் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒன்பது ரூபாய்க்குக் கிட்ட அரசாங்கத்துக்குப் போனது. திரும்பி வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த ஒன்பது ரூபாயைப் பத்மாசனி விளக்கியபோது வீரம்மா அதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்போ நாங்க சும்மா இருக்கல" என்றாள் கடைசியில். "நாங்களும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முத்திரைப் பதிவேட்டின் பிரதியொன்றையும் பத்மாசனி கேட்டு வாங்கியிருந்தாள். அதில் இளையதம்பியின் பக்கத்தைப் புரட்டியபோது, எட்டுப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வேறு பெயர்களும் இருந்தன. அவற்றுள் மாயாண்டி, வீரம்மா, பிள்ளைகள் மூன்று. 'தங்கி வேலை செய்வோர்.' இளையதம்பியின் வருமானம் வரம்புக்கு மேலே என்பதால் அந்தப் பக்கம் முழுவதற்கும் குறுக்கே சிவப்புக் கோடு. வீரம்மா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். மற்றக் காணிக்காரர்களின் பக்கங்களையும் புரட்டச் சொன்னாள். எல்லாவற்றிலும் அதுவே நடந்திருந்தது.

ஆவணியில் கிளிநொச்சியில் கூட்டம் வைத்தார்கள். ஆய்வின் முடிவுகளை அதிகாரிகளுக்குச் சொல்வதற்கான கூட்டம். பத்மாசனி ஒற்றைக்காலில் நின்று வீரம்மாவையும் அழைத்துப் போனாள். மாயாண்டி அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டான். அவள் தன்னிடமிருந்த ஒரேயொரு நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, பின்வரிசைக் கதிரையின் நுனியில் அமர்ந்தாள்.

பத்மாசனி, பாலன் கடைப் பீப்பாவை அளந்த கதையையும் சேர்த்து, நன்றாகத்தான் பேசினாள். கேட்டு முடித்ததும், முத்திரைப் பதிவுக்குப் பொறுப்பான அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல ஆய்வு. ஆனா முத்திரைப் பட்டியலிலை புதுப் பேர் சேர்க்கிறதை நிப்பாட்டியாச்சு. மேலிடத்து உத்தரவு. என்ரை கையிலை ஒண்டுமில்லை. பிறகு இன்னொண்டு. அரசாங்கத்தின்ரை வரவு குறைவு, செலவு கூட. ஒரு சல்லி வரி கட்டாத ஆக்களுக்கு எங்கையிருந்து எடுத்துக் குடுக்கிறது?"

பணிப்பாளர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையில் வீரம்மா எழுந்துவிட்டாள். முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நெருப்புப்பெட்டி வாங்குறப்போ எங்க பேரு பட்டியல்ல இருக்கான்னு கடையில கேக்கறதில்லீங்க. வரியையும் சேர்த்துத்தான் வெல சொல்றாங்க. நாங்களும் குடுத்துட்டுத்தான் வர்றோம்."

அறையில் எல்லாத் தலையும் திரும்பியது.

"ரெண்டாவது, நாங்க புதுப் பேரு சேக்கச் சொல்லி வரலீங்க. எங்க பேரு உங்க புஸ்தகத்துல ஏற்கனவே இருக்கு. அடுத்தவங்க பக்கத்துல இருக்கு. எங்க அடுப்பு எங்க இருக்கோ அங்க மாத்தி எழுதினாப் போதும். சேக்கறதுதானே கூடாது? பிழையத் திருத்தறதும் கூடாதுன்னு உத்தரவுல இருக்குங்களா?"

அதிகாரி பதிவேட்டைக் கொண்டுவரச் செய்தார். இளையதம்பியின் பக்கத்தை விரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு சுற்றறிக்கையை எடுப்பித்து, அதையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"திருத்தம் செய்யலாம்" என்றார் மெதுவாக. "என்ரை கையெழுத்தோடை செய்யலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வருமான விசாரணை வேணும். அதை ஆர் செய்யிறது? என்னட்டை ஆக்கள் இல்லை."

"நாற்பத்தேழு வீட்டுப் படிவமும் என்னட்டை இருக்கு" என்று பத்மாசனி கட்டைத் தூக்கி மேசையில் வைத்தாள். "உங்கடை ஆள் ஒருத்தர் வந்து சரிபார்த்தால் போதும்."

அவர் கட்டைப் புரட்டினார். வீரம்மாவை இன்னொரு தரம் பார்த்தார்.

"பீப்பாவை அளக்கச் சொன்னவா நீங்கள்தானே?" என்று கேட்டார். "சரி. இந்தக் கணக்கை நான் நம்புறன்."

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னர் முத்திரைப் புத்தகங்கள் வந்தன. பாலன் கடைக்கு முன்னால் மேசை போட்டு, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். தனித்தனிப் பெயர், தனித்தனிக் குடும்பம். கைநாட்டு வைத்தவர்கள் விரல் மையைத் துடைக்காமலேயே வீட்டுக்குப் போனார்கள். ராக்காயி தன் புத்தகத்தை மூன்று தரம் திறந்து பார்த்துவிட்டு, முதல் முத்திரைக்கு அரிசி வாங்கினாள்.

நாற்பத்து நான்கு குடும்பங்களுக்குக் கிடைத்தது. மூன்று குடும்பங்களின் வருமானம் வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த மூன்றில் ஒன்று வீரம்மாவுடையது. ஆய்வு வேலைக்குக் கிடைத்த கூலியையும் அவள் தன்னுடைய படிவத்தில் எழுதியிருந்தாள்.

"அந்த ஒரு வரிய எழுதாம விட்டிருக்கலாம்" என்றான் மாயாண்டி. அவனுக்குத் தாங்கவில்லை.

"நான் பொய் எழுதியிருந்தா மத்த நாப்பத்தாறையும் யாரு நம்புவாங்க?" என்றாள் வீரம்மா. "எனக்கு முத்திரை கிடைக்காதது ஏழை இல்லைங்கறதால. அதுக்கு அழுவாங்களா யாராச்சும்?"

மாயாண்டி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனக்கு வேண்டாமென்று வந்தவள் தன் பெண்சாதி என்று பாலன் கடையில் போய்ச் சொல்லத் தொடங்கினான். நாளடைவில் அந்தக் கதை வளர்ந்துகொண்டே போனது. வீரம்மா திருத்தப் போகவில்லை.

அடுத்த வருடம் தை மாதத்தில் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஆய்வு நிலையம் முல்லைத்தீவுப் பக்கத்திலும் இதே ஆய்வை நடத்தப் போகிறது. வீரம்மா கள உதவியாளராக மாதச் சம்பளத்துக்கு வரவேண்டும். கடிதத்தோடு அறிக்கையின் ஒரு பிரதியும் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அவளால் வாசிக்க முடியவில்லை. ஆனால் பதினெட்டாம் பக்கத்தில் பத்மாசனி பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: 'இந்த முறையை வகுத்தவர் மருதடிக்குளம் மா. வீரம்மா.'

செய்தி கேட்டுக் கமலேஸ்வரி குளக்கட்டைத் தாண்டி வந்தாள். அந்தப் பக்கம் அவள் வந்தது அதுதான் முதல்தடவை. குடிசை வாசலில் நின்று அடுப்பையும் கூரையையும் பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஆர் மிளகாய் புடுங்கிறது, வீரம்மா?"

"ஆளு இருக்காங்கம்மா. ரெண்டு ரூபா கூட்டிக் குடுத்தீங்கன்னா ஓடி வருவாங்க."

"நீர் கணக்குப் படிச்சு எனக்குத்தான் நட்டம்" என்றாள் கமலேஸ்வரி. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அந்தப் போகத்திலேயே கூலி இரண்டு ரூபாய் கூடியது. மற்றக் காணிக்காரரும் கூட்டவேண்டி வந்தது.

மாசி முதல் திங்கட்கிழமை, முல்லைத்தீவுப் பக்கம் போகும் புதுக்குடியிருப்பு பஸ்ஸில் இடமில்லை. நெல்லு மூட்டைகளுக்கும் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நடுவே வீரம்மா படிவக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளுக்கை தள்ளி நில்லுங்கோ" என்றான் கொண்டக்டர். "அது என்ன கட்டு? சாமானெண்டா மேலை போடவேணும்."

"சாமான் இல்ல தம்பி. அரசாங்கச் செலவு சரியா நடக்குதான்னு பாக்கற வேலை. கையிலதான் இருக்கணும்."

அவன் கட்டை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு, முன்னால் அமர்ந்திருந்த ஒருவரை எழுப்பி, அவளுக்கு இடம் கொடுத்தான்.